வெள்ளீய நாரையின் வேன்

என் தம்பி கிளைவ் ஹாக்பென் வெள்ளீய நாரையில் இருந்தானா இல்லையா என்று ஃபேவர்ஷம் ஊரில் இரண்டு பேரைக் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். அவனையே கேட்டால் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவான். "அது கொஞ்சம் சிக்கலான விஷயம்" என்பான். அப்புறம் உங்கள் வீட்டு பாய்லர் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பான்.

வெள்ளீய நாரை என்பது ஒரு ராக் இசைக்குழு. ஏன் வெள்ளீயம், ஏன் நாரை என்று எனக்குத் தெரியாது. பெயர் வைத்த ரூபர்ட்டுக்கும் தெரியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கென்ட் பக்கத்துப் பையன்களெல்லாம் இப்படித்தான் பெயர் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். அவர்களுடைய ஒரு பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடும். நாம் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று காலைத் தட்டினால் அவர்கள் ஏழில் போய்த் திரும்புவார்கள். நடுவில் ஒருவன் புல்லாங்குழல் ஊதுவான், இன்னொருவன் துறவி மாதிரி அங்கி மாட்டிக்கொண்டு வருவான். அவர்களுடைய பெரிய உருப்படி 'உப்பு மடம்'. அதைப் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தால், கிழங்கு வெந்து மசித்தும் ஆகிவிடும். பாட்டில் வரும் மடம் இன்னும் கடலில் மூழ்கிக்கொண்டிருக்கும். ஆனால் இந்த நாரையைக் கேட்டுத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம் என்று இத்தாலியிலும் ஜப்பானிலும் பெரிய பெரிய வாசிப்பாளர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் புரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் தம்பியை அவர்கள் துரத்தினார்களா இல்லையா? அது தெரியாமலே அவன் ஐம்பது வருஷம் வாழ்ந்தான். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, அவன் அக்கா நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது.

அவன் அதில் சேர்ந்த விதத்திலேயே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. அப்போது அவனுக்கு இருபது வயது, குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற பாய்லர்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் புதிதாகப் போய்க்கொண்டிருந்தான். பாதிரியார் வீட்டு பாய்லர் நின்றுவிட்டது என்று ஒரு ஜனவரியில் போனான். அங்கே பாதிரியாரின் மகன் ரூபர்ட் லைல், கம்பளிக் கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு அந்தக் குளிரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தான். இவன் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவன் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டானாம்:

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏதாவது வாசிப்பியா?"

"பேஸ் கிட்டார். ஏதோ சுமாரா."

"அப்ப ஞாயித்துக்கிழமை வந்துரு."

முதலில் வண்டி, அப்புறம் கிட்டார். எதற்காக எடுக்கிறாய் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். இவன் கேட்கவில்லை. எங்கள் அப்பாவின் நிலக்கரி யார்டில் இடம் இருந்ததால் குழுவின் வேனும் எங்கள் வீட்டிலேயே நின்றது. அது பழைய ரொட்டிக்கடை வேன். பக்கவாட்டில் இருந்த படத்தின் மேல் நாரை வரைந்தார்கள். ஒரு கோட் பெயின்ட்தான் அடித்தார்கள் என்பதால், வெயில் பட்டால் நாரையின் வயிற்றுக்குள் ஒரு ரொட்டி தெரியும்.

வேனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரூபர்ட்டுக்கு யாரிடமும் ஒரு கசப்பான வார்த்தை சொல்ல வராது. உன் வாசிப்பு சரியில்லை என்று ஒருவனிடம் சொல்வதற்குப் பதிலாக ஆர்கனைத் தலையில் தூக்கிக்கொண்டு லண்டன் வரை நடப்பான். ஞாயிறு மதியம் ஒவ்வொருவனும் அவனவன் தெருமுனையில் நிற்க வேண்டும். வேன் போகிற வழியில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே பீரில் சேர்க்கிற ஹாப்ஸ் பூவைக் காயவைக்கிற பழைய சூளைக் கொட்டகைக்குப் போகும். அங்கேதான் பயிற்சி. ஒருவன் வேண்டாம் என்றால் ரூபர்ட் வேனில் ஏறியதும், "இன்னைக்கு வேற தெரு வழியா போலாமா, கிளைவ்?" என்பான். அவ்வளவுதான். வேன் வராது. நிற்கிறவன் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் புல்லாங்குழல்காரன் ஜெரால்ட் எங்கள் கறிக்கடை முனையில், சிவப்பு டெலிபோன் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பான். ஒரு ஞாயிறு பொழுது சாயும்வரை அங்கேயே நின்றான். அம்மா அவனுக்கு டீயும் ஒரு துண்டு கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். "வேன் பஞ்சரா இருக்குமோ ஆன்ட்டி?" என்று கேட்டானாம். அம்மா என்ன சொல்வாள், பாவம். "இருக்கும்ப்பா" என்றாளாம். கடைசியில் ஊரில் இதுவே பேச்சாகிவிட்டது. ஒரு பெண்ணை அவளுடைய பையன் கைவிட்டுவிட்டான் என்றால், "அவளுக்கு வேன் வரலையாம்" என்பார்கள்.

முதல் இசைத்தட்டு வெளிவந்து அடுத்த வசந்தம். ஒரு ஞாயிறு சாயங்காலம் கிளைவ் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான்.

"என்னடா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"பார்னின்னு ஒருத்தன் வந்திருந்தான். பேஸ் வாசிச்சான்."

"அப்ப நீ?"

"டீ போட்டேன்."

"டீ போட்டியா?"

"எல்லாரோட சாமானையும் இறக்கி வச்சேன். ஆர்கனைத் தூக்கிக்கிட்டு உள்ள போனா, அவன் வாசிச்சுக்கிட்டு இருக்கான். நல்லாத்தான் வாசிச்சான். சரின்னு கெட்டிலைப் போட்டேன்."

"உன்னைத் துரத்திட்டாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"நீ கேட்டியா?"

என் தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ராணியிடம் போய் உங்களுக்கு எத்தனை வயது என்று கேட்கச் சொன்ன மாதிரி. "அதை எப்படிக் கேக்கறது, ஐரீன்? அவங்களுக்கு சங்கடமா இருக்காது?"

மற்றவர்களுக்காவது வேன் வராமல் போய் விஷயம் விளங்கியது. இவனுக்கு எப்படி விளங்கும்? வேன் நிற்பதே எங்கள் வாசலில். ஓட்டுகிறவனும் இவனே. அடுத்த ஞாயிறு இவனே வேனை எடுத்தான், இவனே எல்லோரையும் ஏற்றினான், பார்னியையும் சேர்த்து. ரூபர்ட் எப்போதும் போல முன்சீட்டில் இவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மழை வரும் போலிருக்கிறது என்றானாம். இவனும் வரும் போலத்தான் இருக்கிறது என்றானாம். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

அப்படியே ஐம்பது வருஷம் போனது.

குழுவில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். டிரம் வாசித்தவன் சண்டை போட்டுக்கொண்டு போய் தனியாக ஒரு வெள்ளீய நாரை ஆரம்பித்தான். கொஞ்ச காலம் நாட்டில் இரண்டு நாரைகள் பறந்தன. இரண்டும் ஒரே வாரம் ஒரே ஊரில் வாசிக்க வந்து, எதற்கு டிக்கெட் வாங்கினோம் என்று தெரியாமல் ஜனங்கள் கதவு மாறிப் போய் உட்கார்ந்தார்கள். புல்லாங்குழல் போய் வயலின் வந்தது. வயலின் போய் எதுவோ ஒரு பெட்டி வந்தது. ஆனால் மற்ற எல்லோரையும்விட அதிகமாக மாறியவர்கள் பேஸ் கிட்டார்காரர்கள்தான். ஒருவனும் நிலைக்கவில்லை. சிலர் மூன்று வருஷம் இருந்தார்கள், சிலர் ஒரு கோடைகாலம்கூடத் தாங்கவில்லை. நாரையின் பேஸ்காரன் இடத்துக்கு ஏதோ சாபம் இருக்கிறது என்று இசைப் பத்திரிகைகளில் எழுதினார்கள். ரூபர்ட் கொடுங்கோலன் என்று ஒருவர் எழுதினார். ரூபர்ட்டைப் பார்த்தவர்கள் யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

'உப்பு மடம்' மட்டும் மாறாமல் இருந்தது என்று பார்த்தால், அதுவும் இல்லை. அதன் நடுப்பகுதியின் தாளக் கணக்கை ரூபர்ட் மாற்றிக்கொண்டே இருந்தான். ஒரு வருஷம் ஏழு, ஒரு வருஷம் பதினொன்று, அப்புறம் ஐந்து. ஏன் இப்படிப் போட்டுப் பிசைகிறான் என்று அவனுடைய ஆட்களுக்கே தெரியவில்லை.

கிளைவுக்கு அந்தப் பழைய நடுப்பகுதி மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் தோட்டத்துக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் வாசிப்பான். வேறு குழுவில் சேரவில்லை. கடற்கரை விடுதி ஒன்றில் நடனக் குழுவுக்கு நிரந்தர வேலையாகக் கூப்பிட்டார்கள், நல்ல சம்பளம். "நான் நாரையில இருக்கேனோ என்னவோ, தெரியலையே. பாதியில விட்டுட்டுப் போறது நல்லாயிருக்காது" என்றான். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாரியன் விஷயம் அதைவிட மோசம். தபால் ஆபீசில் வேலை பார்த்தாள், தங்கமான பெண். அவளுடைய அக்கா குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனது. இவளும் போக விரும்பினாள். எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்தே கேட்டாள்.

"நீ அந்த பேண்டுல இருக்கியா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு. இருக்கேன்னா நான் இங்கயே இருக்கேன். இல்லேன்னா நீ என்கூட வா."

இவன் நிஜமாகவே யோசித்தான். அதுதான் கொடுமை. யோசித்துவிட்டு, "தெரியல மாரியன்" என்றான். அவள் பெர்த் நகரத்தில் நன்றாக இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும்.

ஒரு தடவை ஹாலந்திலிருந்து ஒரு ரசிகன் வந்தான். நாரையில் இருந்தவர்களையெல்லாம் வம்சாவளி மாதிரி ஒரு பெரிய தாளில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தான். கிளைவை எங்கே போடுவது என்று கேட்டான். கிளைவ் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இங்க ஒரு ஓரமா, பென்சில்ல போடுங்க" என்றான்.

போன வருஷம் நாரையின் முதல் இசைத்தட்டுக்கு ஐம்பது வயது ஆனது என்று ஊரில் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். குழுவில் இருந்தவர்களில் உயிரோடு இருக்கிற எல்லோரும் வந்து கடைசியில் 'உப்பு மடம்' வாசிப்பார்கள் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். ரூபர்ட் போன் செய்தான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"சனிக்கிழமை வந்துருவல்ல, கிளைவ்?"

"வந்துர்றேன், ரூபர்ட்."

"சரி. குளிர் இன்னும் விடல போலிருக்கு."

"ஆமா, விடல."

போனை வைத்துவிட்டான். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"எதுக்கு வரச் சொன்னான்? வாசிக்கவா, வேன் ஓட்டவா?"

"சொல்லல."

"நான் கேக்கறேன், போனைக் குடு."

"ஐரீன்! நீ மட்டும் கேட்டே, உன்கூட நான் பேசவே மாட்டேன்." எழுபத்திரண்டு வயசு. குழந்தை மாதிரி போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை வேனில் ஆர்கனை ஏற்றினான். அதற்கு அடியில், போர்வை சுற்றி, தன் பேஸ் கிட்டாரையும் வைத்தான். புதுத் தந்தி மாட்டியிருந்தான். நான் பார்த்ததை அவன் பார்க்கவில்லை.

மதிய நிகழ்ச்சி. பாதிப் பேருக்கு இடுப்பு வலி, பாதிப் பேருக்கு மாத்திரை நேரம்; பின்னே ராத்திரியா வைக்க முடியும்? மண்டபத்துச் சமையலறையில் டீ அண்டாவும் சாசேஜ் ரோல் தட்டுகளும் என் பொறுப்பில் இருந்தன. கிளைவ் எப்போதும் போல எல்லோருடைய சாமான்களையும் இறக்கி மேடையில் வைத்தான். பேஸ்காரர்கள் மட்டும் ஆறு பேர் வந்திருந்தார்கள், மேடையின் ஒரு பக்கம் முழுவதும் அவர்கள்தான். இவன் ஆர்கனுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேனில் போய் உட்கார்ந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்க ஆரம்பித்தான். போர்வைக்குள் இருந்ததை எடுக்கவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ கொதித்துவிட்டது. அப்போது பார்த்து ரூபர்ட் டீக்கு வந்தான், கூடவே அந்தப் பார்னியும், காதில் மெஷின் மாட்டிக்கொண்டு. நான் கோப்பையை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"ரூபர்ட், ஒண்ணு கேக்கணும். என் தம்பியை நீ ஏன் துரத்தினே?"

ரூபர்ட்டின் முகம் வெளுத்துப்போனது. "யாரு? கிளைவையா? நானா?"

"இதோ இந்தப் பார்னியைக் கொண்டாந்து அவன் இடத்துல நிறுத்தினியே, அன்னைக்கு."

"ஐயோ, நான் ஸ்பீக்கர் விக்க வந்தேங்க!" என்றார் பார்னி. "டிரம் வாசிச்சவன் வாங்கிக்கறேன்னான். நல்லா கேக்குதான்னு சும்மா வாசிச்சுக் காட்டினேன். உங்க தம்பி உள்ள வந்தாரு, பாத்தாரு, போய் டீ போட்டாரு. எல்லாரும் வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லலாம்னு பாத்தா யாரும் நிறுத்தல. அப்படியே மூணு வருஷம் இருந்துட்டேன்."

நான் ரூபர்ட்டைப் பார்த்தேன். அவன் அண்டாவின் குழாயைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"கிளைவ்தான் எங்களை விட்டுட்டுப் போனான், ஐரீன். எல்லாரோட சாமானையும் இறக்கினான், அவனோட கிட்டாரை மட்டும் வேன்லயே விட்டுட்டான். அந்த வாரம்தான் நான் 'உப்பு மட'த்தோட நடுப்பகுதியை மாத்தியிருந்தேன். பிடிக்கல போலிருக்குன்னு நினைச்சேன். அதை வாயால சொல்லாம இப்படி நாசூக்கா சொல்றானேன்னு..."

"ஐம்பது வருஷமா அவன் பக்கத்துலதானேய்யா உக்காந்து வந்தே? ஏன் விட்டேன்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?"

"கேட்டா அவனுக்கு சங்கடமா இருக்காதா?"

கையில் இருந்த கோப்பையை அவன் தலையில் கவிழ்க்காமல் இருந்ததற்கு எனக்கு ஒரு பதக்கம் கொடுக்க வேண்டும்.

"அவனுக்குப் பிடிக்கற மாதிரி வருதான்னு மாத்தி மாத்திப் பாத்தேன்" என்றான் ரூபர்ட். "ஏழு, பதினொண்ணு, அஞ்சு. ஒவ்வொரு தடவையும் வேன்ல வரும்போது அவன் முகத்தைப் பாப்பேன். ஒண்ணும் தெரியாது. வர்ற பேஸ்காரங்ககிட்டல்லாம் முதல்லயே சொல்லிருவேன், இது கிளைவோட இடம், அவன் திரும்பி வர்ற வரைக்கும்தான்னு."

"அதான் யாரும் தங்கல" என்றார் பார்னி. "அடுத்தவன் சீட்டுல எத்தனை நாள் உக்காருவீங்க? இடத்துக்கு உரியவர் வேற வாராவாரம் நம்மள வண்டியில கூட்டிட்டுப் போறாரு. அவர் கண்ணையே பாக்க முடியாது."

பத்திரிகைக்காரர்கள் எழுதிய சாபம் இதுதான்.

நான் கோப்பையை வைத்துவிட்டு வேனுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், இந்த முழங்காலோடு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அவன் மடியில் காகிதம் விரித்து சீஸ் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், உன்னை யாரும் துரத்தலடா! பார்னி ஸ்பீக்கர் விக்க வந்தவன். நீதான் விட்டுட்டுப் போயிட்டேன்னு ரூபர்ட் நினைச்சுக்கிட்டு இருக்கான். உன் இடம் அப்படியே காலியா இருக்கு."

துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். அவன் ரேடியோவை அணைத்தான். சாண்ட்விச்சை மறுபடி காகிதத்தில் சுற்றினான்.

"அப்ப... நான்தான் விட்டுட்டுப் போனவனா?"

"அப்படி இல்லடா."

"அவன் என்னை அனுப்பிட்டான்னு நினைச்சப்ப எனக்குக் கோபம் வரல ஐரீன். என் வாசிப்பு அவ்வளவுதான்னு இருந்துட்டேன். ஆனா அவன் இத்தனை வருஷமா, நான் விட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டே, என் பக்கத்துல உக்காந்து மழையைப் பத்திப் பேசிக்கிட்டு வந்தானே."

அவன் கண்ணைத் துடைத்தான். நல்ல செய்தி கொண்டுவந்தேனா, கெட்ட செய்தி கொண்டுவந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அவன் இறங்கி வேனின் பின்கதவைத் திறந்து போர்வையைப் பிரித்தான்.

அவன் கிட்டாரோடு மண்டபத்துக்குள் போனபோது மேடையில் எல்லோரும் தயாராக நின்றார்கள். ஆறு பேஸ் கிட்டார்கள் தோளில் தொங்கின. ஆறு ஒயர்கள் மாட்டியிருந்தன. கிளைவ் நடுவழியில் நின்று அதைப் பார்த்தான். நான் பயந்தது அப்படியே நடந்தது. நல்ல மனிதன், அப்படியே திரும்பினான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் டீ போடப் போனதும் இதே நடையில்தான் இருந்திருக்கும்.

நான் கதவில் நின்றேன். என் உடம்பு கதவை அடைக்கப் போதுமானது.

"நகரு, ஐரீன்."

"மாட்டேன். கேளு."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கேளுடா!"

அவன் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்தது. திரும்பினான். மண்டபம் நிறைய ஆட்கள், ஹாலந்துக்காரன் உட்பட. தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ரூபர்ட்... நான் இதுல இருக்கேனா?"

ரூபர்ட் ஆர்கனை விட்டு எழுந்தான். எழுந்திருக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மேடையின் ஓரம் வரை வந்து நின்றான். "நானும் அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றான். "நீ இருக்கியா, கிளைவ்?"

"இருக்கேன்னுதான் நினைச்சேன்."

"அப்ப மேல வா."

பார்னி தன் ஒயரைப் பிடுங்கி இவன் கிட்டாரில் மாட்டினார். "நடுப்பகுதி எந்தக் கணக்கு?" என்று கிளைவ் கேட்டான். ஒன்று கேட்க ஆரம்பித்ததும் இரண்டாவது சுலபமாக வந்துவிட்டது போல. "நீ எங்க விட்டியோ அங்கருந்து" என்றான் ரூபர்ட்.

எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நடுப்பகுதி வந்ததும் ஒருவன் ஏழில் போனான், ஒருவன் பதினொன்றில் போனான், வயலின்காரி பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். கிளைவும் ரூபர்ட்டும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எதையோ ஒன்றாக வாசித்துக்கொண்டு போனார்கள். அது வேண்டுமென்றே செய்தது என்று நினைத்து ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஹாலந்துக்காரன் அழுதான்.

முடிந்ததும் கிளைவ் சாமான்களை ஏற்றினான், எப்போதும் போல. ஏற்றிவிட்டு, வேன் சாவியை ரூபர்ட்டிடம் நீட்டினான்.

"ஒரு உதவி கேக்கலாமா?"

"கேளு."

"வர்ற ஞாயித்துக்கிழமை நீ ஓட்டிட்டு வர்றியா? நான் முனையில நிக்கறேன்."

ரூபர்ட் நாற்பது வயதில் லைசென்ஸ் வாங்கினான். அவன் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. சாவியைக் கையில் வைத்துப் பார்த்தபடியே நின்றான்.

ஞாயிறு மதியம் கிளைவ் சவரம் செய்து, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, கிட்டாரோடு கறிக்கடை முனைக்குப் போனான். டெலிபோன் கூண்டு இன்னும் இருக்கிறது. உள்ளே டெலிபோன் இல்லை; மாரடைப்பு வந்தவர்களுக்கு ஷாக் கொடுக்கிற பெட்டியை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் நின்றான். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேன் வரவில்லை. சொன்ன நேரம் போய்விட்டது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், கிட்டாரைக் கை மாற்றிக்கொண்டான். மெல்லத் தூறல் பிடித்தது. இத்தனை வருஷம் எத்தனையோ பேர் இப்படி நின்றார்கள். வேன் எங்கள் வாசலில் இருந்ததால் இவன் ஒருவன் மட்டும் நின்றதே இல்லை. ரூபர்ட் மட்டும் வேறு தெரு வழியாகப் போயிருந்தால் அவனை நானே கொன்றுவிடுவேன் என்று முடிவு செய்தேன். அம்மா ஜெரால்டுக்குக் கொண்டுபோன மாதிரி டீ கொண்டுபோகலாமா என்றுகூட நினைத்து, கெட்டிலில் தண்ணீர் பிடித்தேன்.

அப்போது எங்கேயோ தகரம் உரசுகிற சத்தம் கேட்டது. ரூபர்ட் கியரை இரண்டிலேயே வைத்து, நடைபாதை மேல் ஒரு சக்கரத்தை ஏற்றியபடி வளைவு திரும்பி வந்தான். பக்கத்துக் கண்ணாடி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. எந்த பெடலை மிதித்தானோ, கூண்டைத் தாண்டிப் போய் நின்றது வண்டி.

கிளைவ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேனை நோக்கி ஓடினான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கிட்டாரை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டான். நான் ஜன்னலைத் திறந்தேன்.

"வந்துட்டான்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான் என் தம்பி, தெருவுக்கே கேட்கும்படி. "ஐரீன், வேன் வந்துருச்சு!"